சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்த கதை

கேள்வி இதுதான்: பிளாசி, வாட்டர்லூ மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சண்டைகளை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் பேரரசின் வரலாற்றில் யாரும் பேசாத ஒரு போரைச் சொல்ல முடியுமா? நம் ஊர் ஆட்கள் அதில் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

இருக்கிறது. 1762-ல் மணிலாவைப் பிடித்தார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவேதான், அன்று அது ஸ்பெயினின் கையில் இருந்தது. லண்டனில் ஒப்புதல் வாங்கினார்களே தவிர, ஆள் திரட்டியது, கப்பல்கள் கிளம்பியது, ஊரைப் பிடித்த பிறகு அதை ஆள ஒரு கவர்னரை அனுப்பியது எல்லாமே நம் ஜார்ஜ் கோட்டைதான். சுமார் ஒன்றரை வருஷம் மணிலா நகரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் கவுன்சிலுக்குக் கீழே ஒரு கிளை ஆபீஸ் மாதிரி நடந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

மெட்ராஸுக்கும் மணிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலம் இருக்கிறதே, அதே இடத்தில் இருந்த பழைய மர்மலாங் பாலத்தை 1726-ல் கட்டியவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. அவருக்கு அவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மணிலா வியாபாரத்தில். நம் கரையில் நெய்த துணி மணிலாவுக்குப் போகும், மெக்சிகோ சுரங்க வெள்ளி அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து கேலியன் என்ற பெரிய கப்பலில் மணிலாவுக்கு வரும், அந்த வெள்ளி திரும்ப மெட்ராஸுக்கு வரும். வேற்று ஐரோப்பியர் மணிலாவில் வியாபாரம் செய்யக் கூடாது என்று ஸ்பெயின் தடை போட்டிருந்ததால், இங்கிலீஷ்காரர்கள் ஆர்மீனியர் பெயரிலும் நம் ஊர் முஸ்லிம் வியாபாரிகள் பெயரிலும் கப்பல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பினாமி என்பது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. ஆக, மணிலாவில் எவ்வளவு வெள்ளி புழங்குகிறது என்பது மெட்ராஸ்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தத் தெரிந்த சங்கதியைப் போர்த் திட்டமாக மாற்றியவர் கர்னல் வில்லியம் டிரேப்பர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்து சண்டை போட்டவர், 79-ஆம் ரெஜிமென்ட்டை நடத்தியவர். அப்புறம் உடம்பு சரியில்லை என்று சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு ஓய்வெடுக்கப் போனார். ஓய்வெடுத்த லட்சணம் என்னவென்றால், அங்கே வந்துபோகிற கப்பல்காரர்களிடம் மணிலாவைப் பற்றி விசாரித்து விசாரித்து, கோட்டை பலவீனமாக இருக்கிறது, காவல் குறைவு என்று எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டார். 1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மேல் போர் அறிவித்ததும் அவர் கையில் திட்டம் தயாராக இருந்தது.

மெட்ராஸில் வந்து ஆள் கேட்டபோதுதான் இழுபறி. கவர்னர் ஜார்ஜ் பிகட். படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், இந்திய ராணுவத்தின் தந்தை என்று பின்னாளில் பெயர் வாங்கியவர். பாண்டிச்சேரியைப் பிடித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, உள்ள பட்டாளத்தையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிவிட்டு இங்கே என்ன செய்வது என்று லாரன்ஸ் கையை இறுக்கிக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் டிரேப்பருக்குக் கிடைத்தது ஒரு கதம்பம். அவருடைய 79-ஆம் ரெஜிமென்ட், கொஞ்சம் பீரங்கிப் படை, கம்பெனியின் சிப்பாய்கள் சுமார் 600 பேர், காப்பிரிகள் என்று அன்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஒரு கம்பெனி (இந்தக் கம்பெனி பட்டாளத்தில் ஒரு சிறு பிரிவு), தொப்பாஸிகள் என்ற போர்த்துகீசியக் கலப்புக் கிறிஸ்தவர்கள் ஒரு கம்பெனி, பிடிபட்டும் ஓடிவந்தும் கட்சி மாறிய பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கம்பெனி, இதுபோக மூட்டை தூக்கவும் பீரங்கி இழுக்கவும் ஆயுதமில்லாத லஸ்கர்கள் சில நூறு பேர். ஸ்பார்ட்டகஸ் காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு கொள்ளைக்கூட்டம் சேர்ந்ததே இல்லை என்று டிரேப்பரே புலம்பி எழுதினார். தன் படையைப் பற்றித் தானே!

சிப்பாய்கள் என்றதும் எல்லோரும் தமிழர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்காட்டு நவாப் சீமையில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள், முஸ்லிம்களும் தெலுங்கரும் தமிழரும் கலந்த கூட்டம் அது. சில இணைய வீடியோக்களில் ‘தமிழர் படை மணிலாவை வென்றது’ என்று மீசை முறுக்குவதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது. வென்றது கம்பெனி, போனது கூலிக்கு.

ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் முதல் தேதியிலுமாகக் கப்பல்கள் மெட்ராஸை விட்டுக் கிளம்பின. கடற்படைக்குத் தலைவர் அட்மிரல் சாமுவேல் கார்னிஷ். மலாக்கா வழியாகப் போய் செப்டம்பர் 23-ஆம் தேதி மணிலா விரிகுடாவுக்குள் நுழைந்தபோது அங்கே நிலவரம் எப்படி இருந்தது தெரியுமா? போர் அறிவிக்கப்பட்டது பற்றி அரசாங்கத் தரப்பில் ஒரு கடிதம்கூட அந்த ஊருக்கு வந்து சேரவில்லை. கவர்னர் இறந்துபோய், புது கவர்னர் வராததால், ஆர்ச்பிஷப் மனுவேல் ரோஹோ பொறுப்பு கவர்னராக இருந்தார். ஒரு காலை எழுந்து பார்த்தால் கடல் நிறையக் கப்பல். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்கிற நிலைமை.

மறுநாளே நகரத்துக்குத் தெற்கே மலாட்டே என்ற இடத்தில் படை இறங்கியது. அலை மோதிப் படகுகள் கவிழ்ந்து வெடிமருந்தெல்லாம் நனைந்துபோனது. அங்கிருந்த கல் கட்டட தேவாலயங்கள்தான் அவர்களுக்குக் கூரையும் அரணும். பருவமழை கொட்டுகிறது, அகழி வெட்ட மண்வெட்டி கடப்பாரை இல்லை, அவையெல்லாம் பின்னால் வருகிற சவுத் சீ காசில் என்ற சாமான் கப்பலில் இருக்கின்றன. அந்தக் கப்பலும் வந்து சேர்ந்தது, சேர்ந்த கையோடு புயலில் கரைதட்டியது. கெட்டதிலும் ஒரு நல்லது: தட்டிய இடம் முகாமுக்குப் பக்கத்திலேயே. படகே தேவையில்லாமல் சாமானை அப்படியே இறக்கிக்கொண்டார்கள், கப்பலில் இருந்த பீரங்கிகள் முகாமின் முதுகுப்பக்கத்துக்குக் காவலாகவும் ஆயின. கோட்டைக்குள்ளே ஆர்ச்பிஷப், அசீரிய ராஜா சனகெரிபின் படையைத் தேவதூதன் ஒரே ராத்திரியில் அழித்தது போல இவர்களையும் அழிக்கக் கிளம்பிவிட்டான் என்று ஜனங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்ததோ வேறு. அலையிரைச்சல் அத்தனை பலமாக இருந்ததால், ராத்திரியில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே பீரங்கி மேடை கட்டிய சத்தம் மதில்மேல் இருந்த காவலர் காதில் விழவே இல்லை. இதை டிரேப்பர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அதே நாட்குறிப்பில் இன்னொரு இடம் என்னை நிறுத்தியது. அக்டோபர் 4-ஆம் தேதி விடியுமுன் பம்பாங்கா மாகாணத்து ஆட்கள் சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் வில்லும் அம்பும் ஈட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் மாலுமிகளின் முகாமைத் தாக்கினார்கள். துப்பாக்கிக் குழாய் நெஞ்சில் முட்டும் தூரம் வரை வந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள். காட்டு மிருகங்கள் போல பயனெட்டைக் கடித்துக்கொண்டே செத்தார்கள் என்று எழுதுகிறார் டிரேப்பர். பாராட்டுகிறாரா, ஏளனம் செய்கிறாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் யாருக்காகச் செத்தார்கள் என்று பார்த்தால் அதுவும் ஒரு வேற்றுநாட்டு ராஜாவுக்காகத்தான். இந்தப் பக்கம் நின்ற சிப்பாயும் அப்படியே.

அக்டோபர் 6 காலையில் மதிலில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தார்கள். அரச வாசல் காவல் அறையில் சரணடைய மறுத்த நூறு பேரைக் கொன்றார்கள், ஆற்றில் குதித்துத் தப்பப் பார்த்தவர்களில் முந்நூறு பேர் மூழ்கிப்போனார்கள் என்பது ஸ்பானியர் சொன்ன கணக்கு. பிரிட்டிஷ் தரப்பில் மேஜர் மோர் என்பவர் அம்பு பட்டு இறந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்பானிய ஏடுகளில் மணிலா விழுந்த தேதி அக்டோபர் 5 என்று இருக்கும். யாரும் தப்பாக எழுதவில்லை. ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்கு மெக்சிகோ பக்கமிருந்து மேற்கு நோக்கி வந்ததால் அமெரிக்கத் தேதியைக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். பிரிட்டிஷார் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கிழக்கு நோக்கி வந்தவர்கள். சுவருக்கு உள்ளே ஒரு தேதி, வெளியே ஒரு தேதி. 1844 டிசம்பர் 31-ஐக் காலண்டரிலிருந்தே தூக்கிவிட்டுத்தான் பிலிப்பைன்ஸ் இந்தக் கணக்கைச் சரிசெய்தது.

பிடித்த கையோடு கொள்ளை. வீடு, தேவாலயம், மடம் ஒன்றும் மிச்சமில்லை. கொள்ளையை நிறுத்த விலை என்ன என்றால் 40 லட்சம் டாலர், அதாவது ஸ்பானிய வெள்ளிப் பணம். ஆர்ச்பிஷப் தேவாலய வெள்ளியையெல்லாம் உருக்கிக் கொடுத்தும் பாதிக்குக்கூடக் கிட்டே வரவில்லை. சரி, 20 லட்சத்துக்கு மாட்ரிட் கஜானா மேல் உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு, எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்கள். ஆர்ச்பிஷப் கையெழுத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மாட்ரிட் அதைக் கடைசிவரை மதிக்கவில்லை. ‘மணிலா பணம்’ எங்கே என்று லண்டன் பத்திரிகைகளில் பல வருஷம் டிரேப்பரைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் அகாபுல்கோவிலிருந்து வெள்ளியோடு வந்த கேலியன் பிலிப்பினோ. அதைத் தேடிப் போன பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டும் வேறொரு கேலியனைப் பிடித்துக்கொண்டு வந்தன. சான்டீசிமா டிரினிடாட் என்ற அது மணிலாவிலிருந்து சரக்கேற்றிக் கிளம்பி, புயலில் பாய்மரம் ஒடிந்து திரும்பி வந்துகொண்டிருந்த கப்பல். பெரிய சரக்குதான், பெரிய லாபம்தான். ஆனால் பிலிப்பினோவின் வெள்ளி பத்திரமாகக் கரையிறங்கி சிமோன் டி ஆண்டா கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டா ஒரு நீதிபதி, ஐம்பது வயதைத் தாண்டியவர். நகரம் விழுவதற்குச் சற்று முன் ராத்திரியில் படகேறித் தப்பி, பம்பாங்காவில் பகோலோர் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, இனி நான்தான் கவர்னர் என்று அறிவித்தார். பிரிட்டிஷார் அவர் தலைக்கு 5,000 பெசோ விலை வைத்தார்கள். அவர் பதிலுக்கு அவர்களுடைய கவர்னர் தலைக்கு 10,000 வைத்தார்.

அந்த கவர்னர்தான் டாசன் டிரேக், மெட்ராஸ் கவுன்சில் ஆள். 1762 நவம்பர் 2-ஆம் தேதி மணிலா கம்பெனியின் பேரில் அவர் கைக்கு வந்தது. வந்ததும் மெட்ராஸ் நடைமுறையையே அங்கேயும் போட்டார். நம் ஊரில் சில்லறை வழக்குகளை விசாரிக்க சாவடிக் கோர்ட் என்று ஒன்று உண்டு. நம் ‘சாவடி’தான் இங்கிலீஷ்காரர் வாயில் ‘சௌல்ட்ரி’ ஆனது. டிரேக் மணிலாவிலும் ஒரு ‘சௌட்ரி கோர்ட்’ திறந்தார். பெயர் போன அளவுக்கு நியாயம் போகவில்லை. அவருக்கு மட்டுமே தெரிந்த காரணங்களுக்காக ஆட்களைச் சிறையில் போடுகிறார் என்று பட்டாளத்துத் தலைவர் தாமஸ் பேக்ஹவுஸே புகார் எழுதினார். டிரேக்குக்கும் பேக்ஹவுஸுக்கும் நடந்த சண்டையில் ஆண்டாவை மறந்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றும். மணிலா, கவிட்டே துறைமுகம், பசிக் மாதிரி சில காவல் ஊர்கள், அவ்வளவுதான் கையில் இருந்தது; மற்ற நாடெல்லாம் ஆண்டாவுடையது. வடக்கே இலோகோஸில் ஸ்பானியருக்கு எதிராகக் கிளம்பிய தியேகோ சிலாங் பிரிட்டிஷாரிடம் உதவி கேட்டார். பட்டமும் உறுதிமொழியும் வந்தன, படை வரவில்லை. 1763 மே மாதம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போராட்டத்தைத் தொடர்ந்த அவர் மனைவி காப்ரியேலாவை அதே செப்டம்பரில் தூக்கிலிட்டார்கள். இந்தப் போரில் பிலிப்பைன்ஸ் மக்கள் மறக்காத ஒரு பெயர் உண்டென்றால் காப்ரியேலாதான்.

இப்போது உச்சகட்ட அபத்தத்துக்கு வருகிறேன். மணிலா விழுந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1762 நவம்பர் 3-ஆம் தேதி, ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்து ஆகிவிட்டது. 1763 பிப்ரவரி 10 பாரிஸ் உடன்படிக்கை. மணிலாவைப் பிடித்த சேதி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததோ 1763 ஏப்ரலில்! கியூபாவின் ஹவானாவைப் பிடித்தது தெரிந்திருந்ததால் அதைக் கொடுத்துவிட்டு ஃபுளோரிடாவை வாங்கிக்கொண்டார்கள். மணிலா தங்களிடம் இருப்பதே தெரியாததால் அதற்குப் பேரமே நடக்கவில்லை. பெயர் சொல்லாத இடங்களில் எதைப் பிடித்திருந்தாலும் ஈடு கேட்காமல் திருப்பித் தர வேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது. மணிலா அந்த வரியில் போய்விட்டது. அதற்குப் பிறகும் யாரிடம் ஒப்படைப்பது என்ற தகராறு. ஆண்டாவை கவர்னர் என்று அழைக்க பிரிட்டிஷாருக்கு மனம் வரவில்லை, கவர்னர் என்று போடாத கடிதத்தை அவர் தொட மாட்டார். புது கவர்னர் 1764 மார்ச்சில் வந்துதான் வழி பிறந்தது. அவரும் ஊருக்குள் நுழைகிற கௌரவம் ஆண்டாவுக்கே போகட்டும் என்று உடம்பு சரியில்லாத மாதிரி படுத்துக்கொண்டாராம். ஏப்ரலில் பிரிட்டிஷ் படை கப்பலேறியது. மெட்ராஸ் திரும்பிய டிரேக்குக்கு விசாரணை காத்திருந்தது.

ஏன் மறந்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பிரிட்டனுக்கு நிலமும் மிஞ்சவில்லை, பணமும் வரவில்லை. ஸ்பெயினுக்கு அவமானம். மெட்ராஸ் கம்பெனிக்கு நஷ்டக் கணக்கு. டிரேப்பர் மட்டும் மறக்கவில்லை. பிரிஸ்டல் நகரில் கிளிஃப்டன் என்ற இடத்தில் வீடு கட்டி அதற்கு ‘மணிலா ஹால்’ என்று பெயர் வைத்து, 79-ஆம் ரெஜிமென்ட்டில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது. மெட்ராஸ், வந்தவாசி, ஆற்காடு, பாண்டிச்சேரி, மணிலா என்று நம் பக்கத்துப் பெயர்கள் பிரிஸ்டல் கல்லில் இருப்பதைப் படிக்க விசித்திரமாக இருக்கும். மனிதாபிமானமே பிரிட்டிஷ் வெற்றியாளரின் குணம் என்பதை வருங்காலம் அறியட்டும் என்று முடியும் அந்த வாசகம். பாண்டிச்சேரியை 1761-ல் பிடித்த பிறகு கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்களே, அந்த மனிதாபிமானம்.

இனி சிப்பாய்கள். போன எல்லோரும் திரும்பவில்லை. சண்டையிலும் நோயிலும் போனவர்கள் போக, படையை விட்டு ஓடி அங்கேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊர், பக்கத்தில் தாய்த்தாய். அங்கே உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்து, கத்தோலிக்கர்களாகி, தகாலோக் பேசி, இரண்டு மூன்று தலைமுறையில் ஊரோடு கரைந்துபோனார்கள். கறுத்த நிறம், எடுப்பான மூக்கு என்று கைந்தாக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், தங்கள் முன்னோர் சிப்பாய்கள் என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. பிலிப்பைன்ஸில் இந்தியர் யாராக இருந்தாலும் ‘பும்பாய்’தான், பம்பாயிலிருந்து வந்த சொல். மெட்ராஸிலிருந்து போனவர்களுக்கும் அதே பெயர்தான் ஒட்டியது.

கரே-கரே என்று அங்கே ஒரு குழம்பு இருக்கிறது, மாட்டு வாலை வேகவைத்து நிலக்கடலை அரைத்து ஊற்றுவது. ‘கறி’ என்ற சொல்லைச் சிப்பாய்கள் கொண்டுபோனதால் வந்த பெயர் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் நம்புவதில்லை. மிளகாய் இல்லை, மல்லி சீரகம் இல்லை, கெட்டியாவதற்கு வறுத்த அரிசிமாவு, நிறத்துக்கு ஜாப்ரா விதை, தொட்டுக்கொள்ள இறால் விழுது. இது எங்கள் ஊர்ச் சமையல் என்று பம்பாங்காக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். பெயர் ஒலிக்கிறது என்பதற்காகக் குழம்பையே எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னும் படிக்க வேண்டும் என்றால் லண்டனுக்குப் போக வேண்டாம். மணிலாவில் உட்கார்ந்து டிரேக்கும் அவர் கவுன்சிலும் நடத்திய ஆலோசனைக் குறிப்புகள் ஜார்ஜ் கோட்டை ஆவணங்களோடு ஆவணமாகச் சேர்ந்து, 1940-களில் மெட்ராஸ் அரசாங்கமே பல தொகுதிகளாக அச்சிட்டும் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும், அதில் ஊர்ப்பெயர் ‘மணில்ஹா’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கும், நடுவில் ஒரு ‘ஹ’ சேர்த்துத் தேடுங்கள்.